அருளப்பன் வீட்டுப் புகைக் குழி

தேனிச் சந்தையில் எனக்கு முதலில் கிடைத்தது ஒரு கலயம் கம்மங்கூழ். கூடவே ஒரு கேள்வியும் கிடைத்தது. "யாழ்ப்பாணத்துக்காரகளா? அங்கன தமிழு பேசுவாகளா?" என்று கூழ் விற்ற பெண் கேட்டாள். இவ்வளவு நேரம் உன்னிடம் எந்த மொழியில் கூழ் கேட்டேன் என்றேன். "நீங்க எங்க பேசுறீக, பாடுறீகல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டாள்.

எங்களூரில் கூழ் என்றால் அதில் நண்டு கிடக்கும், மீன் கிடக்கும், பலாக்கொட்டை கிடக்கும். ஒரு சட்டி குடித்தால் அந்தி வரைக்கும் தூங்கலாம். இங்கே மோரும் சின்ன வெங்காயமும்தான். ஆனால் கப்பலிலும் ரயிலிலும் வண்டியிலும் மாறி மாறிக் குலுங்கி வந்த வயிற்றுக்கு, அந்தச் சித்திரை வெயிலில், அதுவே போதுமாக இருந்தது. குறை சொல்வதற்கென்றே பிறந்தவன் என்று தோட்டத்தில் என்னைச் சொல்வார்கள். அந்தக் கூழைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோட்டம் என்றது கண்டிச் சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தை. அங்கே சாமான் அறை என் பொறுப்பு. இந்தப் பக்கம் நான் ஊர் பார்க்க வரவில்லை. சின்னமனூருக்கு அப்பால், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், வாழும் ஓர் ஊரில் அருளப்பன் என்று ஒரு சம்சாரி இருக்கிறார். அவருடைய ஒரே மகன் சவரிமுத்து எங்கள் தோட்டத்தில் தேயிலை உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாசியில் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குள் வாந்திபேதி வந்தது. காலையில் வேலைக்கு வந்தவன் மறுநாள் காலையில் இல்லை. "கடுதாசி போட்டுறாதீக. எவன்கிட்டயும் சொல்லி விட்டுறாதீக. நீங்களே போயி எங்க ஐயாட்டச் சொல்லுங்க" என்பதுதான் அவன் என்னிடம் தெளிவாகச் சொன்ன கடைசிப் பேச்சு. அதைச் செய்யத்தான் கடல் தாண்டி வந்தேன்.

பேதியில் போனவனை யாரும் தொடக் கூடாது, கிட்டே போகவும் கூடாது என்று துரையின் உத்தரவு. தோட்டத்துக் கடைசி வேலிக்கு அப்பால் ஒரு குழி. அதில் அவனோடு வேறு மூன்று பேர். மேலே சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். என்னை வேலிக்கு இப்பாலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு பிடி மண் போட விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், விடவில்லை. அவனுடைய பாய், துணி, மரப்பெட்டி எல்லாவற்றையும் எரித்தார்கள். கொதிநீரில் போட்டெடுத்த ஒரு கத்தி மட்டும் மிஞ்சியது. மான் கொம்புப் பிடி போட்ட, முனை சற்று ஒடிந்த கத்தி. அதை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் மாங்காய் நறுக்கவும் கருப்பட்டி உடைக்கவும் அதுதான் எனக்கு உதவியது.

மறுநாள் வண்டி தேடினேன். வண்டியே இல்லை. கூடலூருக்கு மேலே மலையில் வெள்ளைக்காரர்கள் ஆற்றை மறித்து அணை கட்டுகிறார்களாம், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள மாடெல்லாம் அங்கே போய்விட்டதாம். கடைசியில் வீரணன் என்ற வண்டிக்காரன் அகப்பட்டான். "வாங்க, ஏறுங்க. சின்னமனூருல ஒரு மாடி வீட்டுக்குச் சரக்கு கொண்டு போறேன். மூட்டை மேல உக்காந்துக்கங்க" என்றான். ஏறி உட்கார்ந்தேன். சிறிது தூரம் போனதும் வேட்டியெல்லாம் வெள்ளையாகியது, வியர்வை பட்ட தொடை எரிந்தது. என்ன சரக்கு என்று கேட்டேன்.

"சுண்ணாம்பு."

நான் குதித்து இறங்கிவிட்டேன். சின்னமனூர் வரைக்கும் நடந்தே வருகிறேன் என்றேன். வீரணன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "ஏலே, வெயிலு மண்டையப் பொளக்குது. இவுக நடக்காகளாம்" என்று மாட்டிடம் சொன்னான். கொஞ்ச தூரம் போனதும் என்ன நினைத்தானோ, வண்டியை நிறுத்தி, மூட்டைகளைப் பின்னால் தள்ளி, முன்னால் தன் பக்கத்தில் வைக்கோல் போட்டு இடம் செய்து கொடுத்தான். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லிப் பழகினால் அங்கே போய்ச் சொல்வது எளிதாக இருக்குமே என்றுகூட நினைத்தேன்.

வீரபாண்டியில் திருவிழா. ஆற்றங்கரை முழுக்கச் சனம். மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் வேப்பிலையை அடுக்கி, எரிகிற சட்டியை வெறுங்கையில் ஏந்திக்கொண்டு வரிசையாகப் போனார்கள். அம்மை கண்டு பிழைத்த பிள்ளைகளுக்கான நேர்த்திக்கடன் என்றான் வீரணன். வண்டி நகரவில்லை. பிள்ளை பிழைத்த தாய்மார்களை இவ்வளவு பேரை ஒரே இடத்தில் பார்ப்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. நான் பார்க்கப் போகும் தாய் என் நினைவுக்கு வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த நெரிசலில் எங்கள் வண்டிச் சக்கரத்தின் நிழலில் இரண்டு மலையாளத்து ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அணை வேலையிலிருந்து இறங்கியவர்கள். வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். ஒருவன் மற்றவனிடம் அவர்கள் மொழியில் சொன்னது எனக்கு விளங்கியது. "மழை பிடிக்குமுன் வீட்டுக்குப் போய்விட்டால் போதும். அங்கே செத்தால் நம்மைத் தெரிந்தவர்கள் தூக்குவார்கள்." மற்றவன் என் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தான். கொடுத்தேன்.

சின்னமனூரில் வண்டியிலிருந்து இறங்கி நடந்தேன். சாயங்காலம் அந்த ஊர் வந்தது. வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தெரு முனைக்கு வந்தபோதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சவரிமுத்துவும் நானும் பழகியது இறைச்சியால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் லயத்துக்குப் பின்னால் ஒரு பழைய பீப்பாயைக் கவிழ்த்து, மரை என்ற காட்டு மானின் இறைச்சியை உள்ளே தொங்கவிட்டு, கீழே தேயிலைக் குச்சியை மூட்டம் போடுவான். வாரம் முழுக்க அடுப்பில் வேகிறவன் ஞாயிற்றுக்கிழமையும் ஏன் புகையில் கிடக்கிறாய் என்று நான் கேலி செய்வேன். அவன் ஒரு துண்டை அறுத்து என் வாயில் திணிப்பான். அதோடு கேலி நின்றுவிடும். "இதெல்லாம் என்னங்க. எங்க ஐயா போடுற புகையில இது கால்வாசி வராது" என்பான் ஒவ்வொரு தடவையும். அந்த ஐயாவின் புகை இப்போது தெருவில் தவழ்ந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எதிர்வீட்டு வாசலில் நின்ற ஒரு பெண்தான் என்னை உள்ளே அனுப்பினாள். மரியம்மாள் என்று பெயர். "புகையன் வீட்டுக்கா? நேரா கொல்லைக்குப் போங்க. அவுகளுக்கு வீடே அங்கனதேன். இந்தத் தெருவுல குடியிருந்து நாங்களே உப்புக்கண்டமாயிட்டோம்" என்று சிரித்தாள்.

கொல்லையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு குழி. மேலே பலகைக்கல் பாவி மண் பூசியிருந்தது. ஒரு நுனியில் கனல். மறு நுனியில் அடி உடைந்த ஒரு பெரிய மண் குதிர், நெல் கொட்டி வைப்பார்களே, அது. அதற்குள் காட்டுப்பன்றித் தொடை ஒன்று கொக்கியில் தொங்கியது. கனலில் கிளம்பும் புகை குழி வழியாக ஊர்ந்து, சூடு ஆறி, குதிருக்குள் ஏறி, மேலே துணி கட்டிய வாய் வழியாக மெல்லக் கசிந்தது. நன்றாகத்தான் செய்திருந்தார். ஆனால் அந்தக் குழியின் நீளம் எனக்குப் பிடிக்கவில்லை.

கண்டிச் சீமையிலிருந்து, சவரிமுத்து வேலை செய்யும் தோட்டத்திலிருந்து வருகிறேன் என்றேன். கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ஞானத்தாய் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார்.

"எம் மவன்கூட இருக்கவுகளா? நல்லாருக்கானா?"

"ஐயா, அம்மா, நான் உங்களோட ஒரு விஷயம் கதைக்க வந்தனான்..." என்று தொடங்கினேன்.

அருளப்பன் கையை உயர்த்தினார். "இருங்க தம்பி." மனைவி பக்கம் திரும்பினார். "இந்தா, ஒனக்கு எத்தன தடவை சொல்றது? தீக்கிட்ட வச்சுச் சேதி கேக்காதன்னு. நல்லதோ கெட்டதோ, கறி இறங்குனப்பறந்தேன். கொல்லையில மூட்டம் இருக்கையில ஊர்ச் சேதி பேசினா கறி புழுத்துப் போகும். எங்க பெரியையா காலத்துலருந்து இருக்கிற கட்டு." பிறகு என்னிடம் முகம் மலர்ந்தார். "நாளைக்குப் பொழுது சாய இறக்கிருவேன். அதுவரைக்கும் வயிறாரச் சாப்புடுங்க. ஒங்க ஊருல என்ன வெறகு போடுவீக?"

இதைவிட மூடத்தனமான ஒரு வழக்கத்தை நான் கேட்டதில்லை. இதைவிட எனக்கு வேண்டியதாக இருந்த ஒரு வழக்கத்தையும் கேட்டதில்லை. சொல்லாமலிருக்க எனக்கு ஒரு நாள் கிடைத்தது. விறகைப் பற்றிப் பேசினேன்.

அவர் பேச்சில் ஒரு குழந்தைத்தனமான ஆசை இருந்தது. சோளமும் கொஞ்சம் கரும்பும் போடுகிற சம்சாரி. இந்தப் புகை அவருக்குத் தொழில் அல்ல, விற்பதும் இல்லை. இறக்கியதைத் தெருவுக்கே பங்கு வைத்துவிட்டு, அடுத்தது எப்போது என்று காத்திருப்பார். "அனலு வேற, பொகை வேற தம்பி. அனலு வேக வச்சிரும். பொகைதேன் காக்கும். புளியங்கட்டை கனலுக்கு. உமி மூட்டத்துக்கு. கரும்புச் சக்கை ஒரு பிடி, வாசத்துக்கு. வேம்பு மட்டும் ஆகாது, கசந்துரும்." இதையெல்லாம் நான் முன்பே கேட்டிருக்கிறேன். சொல்லுக்குச் சொல் கேட்டிருக்கிறேன், வேறொரு வாயிலிருந்து.

ஓரமாகக் கொஞ்சம் கனலைத் தனியே இழுத்து, பன்றி ஈரலைக் கம்பியில் கோத்துச் சுட்டார். உப்பும் மிளகும் மட்டும் தடவி வாழையிலையில் வைத்து என் முன்னால் தள்ளினார். பசி. வாசம். அறுக்க ஏதும் இல்லை. என் கை தன்பாட்டில் இடுப்புக்குப் போய்க் கத்தியை எடுத்தது. வழியெல்லாம் அப்படித்தானே செய்து வந்தேன். இரண்டு துண்டு அறுத்து வாயில் போட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

அருளப்பன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மான் கொம்புப் பிடியை. ஒடிந்த முனையை. அதைத் தன் கையால் செதுக்கி மகனுக்குக் கொடுத்தவர் அவர்தான் என்று சவரிமுத்து என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

"உப்பு போதுமா தம்பி?" என்றார். குரல் மட்டும் மாறியிருந்தது. நான் தலையாட்டினேன். அவர் எழுந்துபோய் உமிக் கூடையை எடுத்து வந்து, மூட்டத்தில் முழுதையும் கொட்டினார். ஞானத்தாய் இலையை எடுத்தார். கத்தியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். காலையில் அது கழுவித் துடைத்து, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, என் மூட்டையின் மேல் இருந்தது. விருந்தாளியின் பொருளுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அன்று வியாழக்கிழமை. அருளப்பன் என்னைத் தம் கரும்புத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். பன்றி மேய்ந்த கரும்பைக் காட்டினார். மேகமலையிலிருந்து இறங்கி வருமாம், வேட்டைக்காரர் ஒருவர் சுட்டாராம். ஒரு கரும்பை ஒடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, மாடு கட்டி இறைக்கும் கமலைக் கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்டார்.

"எப்ப?"

"மாசியிலை."

"என்ன?"

"பேதி."

அவர் அழவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கத்தி வேறாளு இடுப்புல இருக்குன்னா அவன் இல்லன்னுதேன் அர்த்தம். அவன் குடுக்க மாட்டான்ல. அவளுக்கு இப்பத் தெரிய வேணாம் தம்பி. தை பிறந்தா வந்துருவான், கலியாணம் பண்ணணும்னு பொண்ணு பாத்துட்டு இருக்கா. மூட்டம் இருக்கிற வரைக்கும் அவ கேக்க மாட்டா. அவ கேக்காத வரைக்கும் அவளுக்கு அவன் இருக்கான்."

"எவ்வளவு நாளைக்கு ஐயா?"

"உமி இருக்கிற வரைக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. செத்தவனுக்கு நான் கொடுத்த வாக்கு என்னாவது? பெற்றவளுக்குத் தெரியாமல் அவள் கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டு நான் எப்படி இந்த வீட்டில் இருப்பது? இப்படியெல்லாம் கேட்க நினைத்தேன். அவர் கரும்பு வரப்பில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து போனதைப் பார்த்தபின் எதையும் கேட்கவில்லை.

அன்று பொழுது சாய்ந்தது. தொடையை இறக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்றார். ஞானத்தாய் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை இவர்கள் கறி தொடுவதில்லை. மொச்சைக் குழம்பும் சோளச் சோறும். எங்களூரில் வெள்ளிக்கிழமை என்றால் மீன் உண்டு, கடல் பக்கத்தில் இருக்கிறதே. சோளச் சோற்றைத் தின்னாமல் அளைந்துகொண்டிருந்தேன். அதற்குச் சோளம் காரணம் இல்லை. ஞானத்தாய் விசிறியோடு எதிரே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் தீ இல்லை, கட்டைச் சொல்லித் தடுக்க அருளப்பனும் இல்லை. அங்கே ஞானத்தாய் என்னை எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். தேயிலைச் செடி எவ்வளவு உயரம் என்று கேட்டார். மலையில் குளிருமா என்று கேட்டார். கப்பலில் வாந்தி வருமா என்று கேட்டார். மகன் பேரைச் சொல்லவே இல்லை.

சனிக்கிழமை உமி தீர்ந்தது. தொடை கறுத்து இறுகிப் புளியங்கட்டை மாதிரி ஆகிவிட்டது. விரலால் தட்டினால் சத்தம் கேட்டது. இனி அதை எந்தப் பல்லும் தொடாது. அதைத் தெரியாதவரா அருளப்பன்? ஆனாலும் கூடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். முதலில் எதிர்வீட்டுக்குத்தான் போனார்.

மரியம்மாள் வழக்கம்போல ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்ததை வாசலிலிருந்து பார்த்தேன். பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அருளப்பன் கொல்லையில் எழுந்த புகையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். உள்ளே போய்க் கூடை நிறைய உமி கொண்டுவந்து, அவர் கையில் கொடுக்காமல், தானே கொல்லை வரைக்கும் சுமந்து வந்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஊரில், வேதக்காரர் வீடானாலும் மற்றவர் வீடானாலும், சாவு விழுந்த வீட்டில் தீ மூட்ட மாட்டார்கள். அடக்கம் முடிந்து நாள் கழியும்வரை அக்கம்பக்கத்தார்தான் கஞ்சி கொண்டு வருவார்கள். தீ எரிகிறதென்றால் அந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று பொருள். ஒரே நாளில் இறக்க வேண்டிய கறிக்கு இத்தனை நாள் தீ எரிந்தால் என்ன பொருள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இருட்டுவதற்குள் தெருவில் உள்ள அத்தனை வீட்டிலிருந்தும் உமி வந்துவிட்டது. கூடையில், முறத்தில், கிழிந்த சாக்கில். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கிழவர் ஒருவர் மட்டும் அருளப்பன் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

உமி வந்து குவிவதை ஞானத்தாய் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வரவில்லை. அவர் மாதத்துக்கு ஒரு முறைதான் வருவாராம். அவருக்குப் பதிலாக, வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் கோயிலில் செபம் சொன்னார். எல்லோரும் போய் வந்தோம். திரும்பியதும் அருளப்பன் கோயிலுக்குக் கட்டிய வேட்டியோடு குந்தி, உமியை அள்ளினார். தோட்டத்தில் சவரிமுத்து பீப்பாயைக் கவிழ்க்கும் நேரம் அது. சுவரோரமாகப் போய் நின்றேன்.

ஞானத்தாய் கிணற்றிலிருந்து ஒரு குடம் இறைத்தார். இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக வந்தார். குளிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கனல் இருந்த நுனிக்கு வந்து நின்று, குடத்தைச் சாய்த்து, முழுதையும் ஊற்றினார். சீறலோடு ஆவியும் சாம்பலும் எழுந்து மூவர் முகத்திலும் அடித்தன. அருளப்பன் கையில் உமி அப்படியே இருந்தது.

"போதும், விடுங்க. கறி என்னைக்கோ கருகிப் போச்சு" என்றார் அவரிடம். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீக? அன்னைக்கு அந்தக் கத்தியக் கழுவுனது நாந்தேன்ல. நீங்க எனக்காக மூட்டம் போடுறீகன்னு தெரிஞ்சுதேன் நானும் சும்மா இருந்தேன். நீங்க ஒடைஞ்சு போயிருவீகன்னு இருந்தேன். ஊரே உமி கொண்டாந்து கொட்டுது. இதுக்கு மேல எப்படி இருக்க?"

பிறகு என்னிடம் திரும்பினார். "தீ இல்ல தம்பி. இப்பச் சொல்லுங்க."

சொன்னேன். கடல் தாண்டி வந்த செய்தி இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவர் நின்றபடியே கேட்டார்.

"தண்ணி கேட்டானா?"

பேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று தோட்டத்து வைத்தியன் சொல்லியிருந்தான். "ஓம், கேட்டவன் அம்மா. நான் குடுத்தனான்" என்றேன். உண்மையில் கொடுத்தேன். இந்தப் பயணத்தில் நான் தலை நிமிர்ந்து சொன்னது அது ஒன்றுதான்.

"எங்கன வச்சிருக்கீக?"

வேலியோரம் என்றேன். சுண்ணாம்பைச் சொல்லவில்லை.

"குருசு நட்டீகளா?"

"சிலுவை நட விடயில்லை அம்மா."

அதன்பிறகுதான் அருளப்பன் அழுதார். வாய்விட்டு, மண்ணில் கையை அடித்துக்கொண்டு அழுதார். சத்தம் கேட்டதும் தெரு முழுக்க உள்ளே வந்தது. வாசல் வரை வந்து காத்துக்கொண்டிருந்தார்கள்போலும். கோயில் மணி அடித்தது. மரியம்மாள் ஞானத்தாயைக் கட்டிக்கொண்டு, "ஏ ஆத்தா, ஆத்தா" என்று ஓலமிட்டாள். எங்களூர் ஒப்பாரிக்கும் இதற்கும் ராகம் வேறு. மற்றபடி ஒன்றுதான்.

மதியம் மூன்று வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. யாரும் குடிக்கவில்லை. அருளப்பன் எழுந்து குதிர்க் கூட்டை நகர்த்தி, கறுத்த தொடையைக் கொக்கியிலிருந்து இறக்கினார். துக்க வீட்டுக் கறியை யாரும் தின்னமாட்டார்கள், நாய்க்குப் போடவும் அவருக்கு மனமில்லை. பலகைக்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். தெருவில் உள்ள ஆண்கள் கைகொடுத்தார்கள். உள்ளே சுவரெல்லாம் புகை படிந்த அந்தக் குழி திறந்து கிடந்தது. தொடையை அதில் இறக்கினார்.

ஞானத்தாய் என் மூட்டையிலிருந்து கத்தியை வெள்ளைத் துணியோடு கொண்டுவந்தார். குழியின் நடுவில், நெஞ்சு இருக்கக்கூடிய இடத்தில், குனிந்து வைத்தார். இதென்ன வழக்கம் என்று உபதேசியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அங்கன ஒரு குருசுகூட இல்லங்கறாக. இங்கன எம் பிள்ளைக்கு ஒரு குழியாச்சும் இருக்கட்டும்" என்றார் ஞானத்தாய்.

உபதேசியார் செபத்தைத் தொடங்கினார். அருளப்பன் முதலில் மண் போட்டார். பிறகு அவர் மனைவி, பிறகு தெருவில் உள்ளவர்கள். அடுத்து எனக்கு வழி விட்டார்கள். தோட்டத்து வேலியோரம் எனக்குக் கொடுக்காத அந்த ஒரு பிடி மண்ணை நான் அங்கே போட்டேன்.